லேப்டாப்புக்கு ரேமா, எஸ்எஸ்டியா? பார்த்து வாங்கும் முறை

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சொன்னதும் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரேம் கூட்டிக்கலாம்." பல நேரம் அது தப்பான மருந்து. ரேம் என்பது வேலை நடக்கும்போது லேப்டாப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்; விண்டோஸையும் கோப்புகளையும் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் லேப்டாப்புக்கு எவ்வளவு ரேம் போட்டாலும் விண்டோஸ் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். மறுபக்கம், 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு வேகமான எஸ்எஸ்டி மட்டும் போட்டால், பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் மறுபடி திணறல்தான். 2025 கடைசியில், ஏஐ சர்வர்களுக்குச் சிப்புகள் போகத் தொடங்கியதில், ரேம் விலை வேகமாக ஏறியது. இந்த நிலையில் ஒரு ஜிபிகூட வீணாக வாங்கக் கூடாது. எது குறைகிறது என்பதை லேப்டாப்பிடமே கேட்டுவிடலாம்.

எங்கே முட்டுகிறது?

அன்றாடம் செய்யும் வேலையை எல்லாம் ஒன்றாகத் திறந்து வையுங்கள்: பிரவுசர், டேலி, எக்செல், வாட்ஸ்அப், எதுவானாலும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

'டிஸ்க்' என்ற இடத்தில் ஹெச்டிடி என்று போட்டு, ஆக்டிவ் டைம் நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால், முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். ஹார்ட் டிஸ்க் பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி வரை தருகிறது. விண்டோஸ் திறக்கும்போது தேவைப்படுவதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். அதில் வேகம் விநாடிக்கு ஓர் எம்பி அளவுக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தவை இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்தும் வகை) ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

'மெமரி' பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். 'இன் யூஸ்' 85 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ரேம் போதவில்லை. 'கமிட்டட்' என்ற எண் உங்கள் மொத்த ரேமைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் உறுதி. மீதிக்கு விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்க வேண்டியிருக்கலாம். 8 ஜிபியில் 5 மட்டுமே ஓடுகிறது என்றால், 16 ஆக்கினாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கும் ரேமும் சும்மா இருந்து, சிபியு மட்டும் 100-ல் நின்றால் இந்த இரண்டு செலவுமே உதவாது. ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, சூடு ஏறி வேகம் குறைகிறதா என்று முதலில் பாருங்கள்.

ரேம்: ஸ்லாட் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

அதே மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி வரும். அங்கே 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் மதர்போர்டிலேயே சோல்டர் செய்தது. எல்பிடிடிஆர்3, எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று தொடங்கும் ரேம் ஏறக்குறைய எப்போதும் சோல்டர் செய்ததாகவே வரும். 2020-ல் வந்த எம்1 முதல் மேக்புக்குகளில் ரேம் பிராசசரோடு ஒரே பொதிக்குள் இருக்கிறது. அதை மாற்ற வழியே இல்லை.

கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று பார்த்ததும் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் உள் மென்பொருள்) சொல்லும் கணக்கு. சோல்டர் செய்த ரேமையும் சில பயாஸ் ஸ்லாட்டாக எண்ணும். மதர்போர்டில் இல்லாத ஸ்லாட்டையும் சில நேரம் காட்டும். தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல்தான் கடைசி வார்த்தை. லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் தளம், டெல்லுக்கு அடிப்பக்க சர்வீஸ் டேக், ஹெச்பிக்கு மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு.

மாடல் பெயரில் ஒரே ஓர் எழுத்து எவ்வளவு மாற்றும் என்பதற்கு, பழைய லேப்டாப் சந்தையில் நிறையக் கிடைக்கும் 2018-ன் திங்க்பேட் டி480 நல்ல உதாரணம். டி480-ல் இரண்டு டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) ஸ்லாட்டுகள். லெனோவோ சொல்வது 32 ஜிபி வரை. ஆனால் இரண்டு 32 ஜிபி மாட்டினால் 64-ம் ஓடுகிறது. டி480எஸ்-ல் ரேமின் ஒரு பகுதி சோல்டர் செய்தது, மீதிக்கு ஒரே ஸ்லாட். அதே ஆண்டின் எக்ஸ்1 கார்பனில் ஸ்லாட்டே இல்லை. மூன்றுமே கறுப்பு நிற திங்க்பேட்தான். விளம்பரத்தில் "திங்க்பேட் ஐ5 8-ஆம் தலைமுறை" என்று மட்டும் போட்டிருந்தால், முழு மாடல் எண்ணைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது தலைமுறை. டிடிஆர்3 சோடிம் ரேமில் 204 பின், டிடிஆர்4-ல் 260, டிடிஆர்5-ல் 262. நடுவே இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் வரும். அதனால் மாற்றி மாட்ட முடியாது. அழுத்தி மாட்டினால் ஸ்லாட் உடையும். டிடிஆர்3-க்குள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான். இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட் மட்டுமே தருகின்றன, அதில் 1.5 வோல்ட் ரேமை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும் அல்லது பீப் அடிக்கும். ஸ்டிக்கரில் பிசி3எல் என்ற 'எல்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். டிடிஆர்3எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால், சந்தேகம் வந்தால் 'எல்' வாங்குவதே பத்திரம்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 2400-ல் ஓடும் டி480-க்கு 3200 வேக ரேம் மாட்டினால் அது 2400-க்கு இறங்கி ஓடும். இரண்டு ரேமில் ஒன்று 2400, மற்றது 3200 என்றாலும் இரண்டும் 2400-ல் ஓடும். இன்று கடையில் 3200-தான் எளிதில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கேமிங் ரேம் என்று விற்கும் எக்ஸ்எம்பி (கூடுதல் வேகத்துக்கான அமைப்பு) வகைக்குக் கூடுதல் விலை தராதீர்கள். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கும் வசதியே இல்லை. 1.2 வோல்ட், சிஎல்22 என்று போட்ட சாதாரண 3200 போதும்.

கவனிக்க வேண்டியது ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும் '1ஆர்×8', '1ஆர்×16' என்ற குறிதான். டிடிஆர்4 8 ஜிபி ரேமில் 1ஆர்×16 என்றால் நாலே சிப். 1ஆர்×8 என்றால் எட்டு. ×16 சிப்புக்குள் பேங்க் குரூப் எனும் தனித்தனியாக இயங்கும் பகுதிகள் பாதிதான் இருக்கும். அதனால் அதே 3200 எண்ணிலும் வேலை சற்று மந்தமாகும். விலை ஒன்றாக இருந்தால் ×8 கேளுங்கள்.

ஒன்றா, இரண்டா? பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப்பில் இது முக்கியம். தனி வீடியோ மெமரி இல்லாததால் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு சேனலிலும் ரேம் இருந்தால் பாதை இரட்டிப்பாகும். இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் ஒரே ரேம் இருந்தால் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் வெறும் 'யுஹெச்டி' என்று காட்டும். இரண்டாவது ரேமை மாட்டியதும் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும்.

இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 8 சோல்டர், ஸ்லாட்டில் 16 என்றால் மொத்தம் 24. அதில் 8-ம் 8-ம் சேர்ந்து 16 ஜிபி இரட்டைச் சேனலில் ஓடும், மீதி 8 ஒற்றையில். "ஒரே அளவு இல்லாவிட்டால் கெட்டுப்போகும்" என்பது வெறும் பயம். வெவ்வேறு கம்பெனி ரேம்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும்; ஒத்துப்போகாத சில ஜோடிகளும் உண்டு. அதனால் மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள்.

எவ்வளவு போதும்? பிரவுசர், கணக்கு, ஆன்லைன் வகுப்புக்கு 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16 நிம்மதி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஃபோட்டோஷாப் என்றால் 16-ல் தொடங்குங்கள். விர்ச்சுவல் மெஷின், 4கே வீடியோ எடிட்டிங் என்றால் 32. விண்டோஸ் 32-பிட் ஓடும் பழைய லேப்டாப்பில் 4 ஜிபிக்கு மேல் போட்டால் பயனில்லை. முதலில் 64-பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி: ஸ்லாட்டின் மொழி

லேப்டாப்பில் மூன்று விதமான இடம் இருக்கலாம்: 2.5 அங்குலப் பெட்டி, சாட்டா மட்டும் பேசும் எம்.2 ஸ்லாட், என்விஎம்இ பேசும் எம்.2 ஸ்லாட். எம்.2 என்பது பட்டை வடிவக் கார்டைச் செருகும் இடம்; சாட்டா, என்விஎம்இ இரண்டும் எஸ்எஸ்டி பேசும் மொழிகள், என்விஎம்இ வேகமானது. பார்வைக்கு எம்.2 எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். சாட்டா மட்டும் பேசும் ஸ்லாட்டில் என்விஎம்இ மாட்டினால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எஸ்எஸ்டியில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்ற கணக்கு பெரும்பாலும் சரி. ஆனால் இரண்டு வெட்டு கொண்ட என்விஎம்இ எஸ்எஸ்டிகளும் உண்டு. வெட்டை எண்ணுவதைவிட எஸ்எஸ்டியின் லேபிளையும் லேப்டாப்பின் மேனுவலையும் படிப்பது பத்திரம். வைஃபை கார்டு உட்கார்ந்திருப்பதும் எம்.2 ஸ்லாட்தான், ஆனால் அது ஏ அல்லது இ கீ, எஸ்எஸ்டிக்கு ஆகாது.

நீளமும் அளக்க வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 குட்டை வகைகள். சில சின்ன லேப்டாப்புகளில் 2230 ஸ்லாட் மட்டும் இருக்கும். அங்கே 2280 நுழையாது. மெல்லிய லேப்டாப்பில் இரண்டு பக்கமும் சிப் உள்ள எஸ்எஸ்டி அடியில் முட்டும். 'சிங்கிள் சைடட்' என்று பார்த்து வாங்குங்கள்.

2.5 அங்குலப் பெட்டியில் எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிமன்; 9.5 மி.மீ. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். சில மாடல்களில் பெட்டி காலியாக இருக்கும், ஆனால் அதற்கான ரிப்பன் கேபிளும் பிராக்கெட்டும் வந்திருக்காது. மாடல் எண்ணுக்கு ஏற்ற கேபிளைத் தேடிக்கொண்ட பிறகே டிஸ்க்கை வாங்குங்கள். பெரிய பேட்டரி உள்ள மாடல்களில் அந்தப் பெட்டியின் இடத்தையே பேட்டரி எடுத்துக்கொண்டிருக்கும்.

வேகம்: சாட்டா விநாடிக்கு 550 எம்பி, பிசிஐஇ 3.0 என்ற பாதையில் ஓடும் என்விஎம்இ 3,500 எம்பி வரை, 4.0 ஏழாயிரம் எம்பியைத் தொடும். 3.0 ஸ்லாட்டில் 4.0 எஸ்எஸ்டியை மாட்டினால் ஓடும், 3.0 வேகத்தில். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம் மலை அளவு. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரிவது கொஞ்சம்தான். ஆகவே சாட்டா மட்டுமே உள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைவிட, உள்ளே இருக்கும் மெமரி டிஎல்சியா (ஒரு செல்லில் 3 பிட்), க்யூஎல்சியா (4 பிட்) என்பது முக்கியம். இரண்டுமே முதல் சில பத்து ஜிபியை வேகமான கேஷில் (தற்காலிக இடத்தில்) எழுதிவிடும். கேஷ் நிறைந்ததும் க்யூஎல்சியின் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்குச் சரியலாம். 100 ஜிபி கல்யாண வீடியோவைக் காப்பி போடும்போதுதான் இது தெரியும். ஆயுளிலும் வித்தியாசம் உண்டு: 1 டிபி அளவில் டிஎல்சி வகையான சாம்சங் 970 ஈவோவுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம், க்யூஎல்சி வகையான க்ரூஷியல் பி3-க்கு 220. பயப்பட வேண்டாம்: தினம் 50 ஜிபி எழுதினாலும் 220 டிபி தீர 12 ஆண்டுகள் ஆகும். ஆவணமும் பிரவுசருமாக இருப்பவருக்கு க்யூஎல்சி போதும். வீடியோ எடிட் செய்பவருக்கு டிஎல்சி.

டிராம் (எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் சிறு ரேம்) இல்லாத எஸ்எஸ்டி வேண்டாம் என்று சிலர் சொல்வதும் பாதி உண்மைதான். டிராம் இல்லாத என்விஎம்இ, ஹெச்எம்பி என்ற முறையில் லேப்டாப்பின் ரேமிலிருந்து சில பத்து எம்பி கடன் வாங்கிச் சமாளித்துவிடுகிறது. சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சாட்டாவில் மட்டும், விலை அனுமதித்தால், டிராம் உள்ள சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 போன்றவை மேல். க்ரூஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400 ஆகியவற்றில் டிராம் இல்லை.

500 ஜிபி வாங்கி விண்டோஸில் 465 காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று கடைக்கு ஓடாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல். 1 டிபி, 931 என்று தெரியும்.

கடையில்

சென்னை ரிச்சி தெருவானாலும் கொழும்பு யூனிட்டி பிளாசாவானாலும், பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. வெட்டு, வோல்ட், ஸ்டிக்கர் மூன்றையும் அங்கேயே ஒப்பிடலாம். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். புதியது என்று வாங்கிய எஸ்எஸ்டியை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள்: 'பவர் ஆன் அவர்ஸ்' நூற்றுக்கணக்கில் இருந்தாலோ 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' ஆயிரக்கணக்கான ஜிபி காட்டினாலோ அது பழையது. நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று விற்பவை பெரும்பாலும் உள்ளே சின்ன மெமரி வைத்துக் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுபவை. எழுத எழுத ஏற்றுக்கொள்ளும். திரும்பப் படிக்கும்போது கோப்பு இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திறக்கும் முன்

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு லேப்டாப் அதைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளிருக்கும் அத்தனையும் போய்விடும்.

அடுத்து, பழைய டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கத் திணறும் பகுதிகள்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் குளோன் செய்ய, அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க, தொடங்காதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட விட்டால் பாதி வழியில் நின்றுவிடும். புகைப்படம், ஆவணங்களை முதலில் வெளியே எடுங்கள்.

ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் சாதாரண ஷட் டவுனில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. சார்ஜரை எடுங்கள். திங்க்பேட்டில் பயாஸின் பவர் பகுதியில் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்று இருக்கும், அதைக் கொடுத்துவிட்டுத் திறக்கலாம். திருகுகளை எடுத்த இடத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல் பக்கம் பிதுங்கும், சில நேரம் கீபோர்டையே துளைக்கும். மூடியை நெம்ப இரும்பு வேண்டாம்; பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் இரு காதுகளையும் தள்ளி. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் இறங்கும்.

ரேமை 30 டிகிரி சாய்வில் நுழைத்து, தங்கப் பட்டை ஏறக்குறைய மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பூட்ட வேண்டும். பட்டை பாதி வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை; பவர் போட்டும் திரை வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். எஸ்எஸ்டிக்குத் தெர்மல் பேட் இருந்தால் அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். தாளோடு ஒட்டினால் சூடு வெளியேறாது.

டிடிஆர்5 லேப்டாப்பில் ரேம் மாற்றிய பின் முதல் முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். புது ரேமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பவரை அணைக்காமல் காத்திருங்கள். டிடிஆர்4-லும் கறுப்பாகவே நின்றால் ரேமைக் கழற்றி மாட்டுங்கள், ஒன்றொன்றாகச் சோதியுங்கள். தங்கப் பட்டையை எழுதும் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் துணியுமே நல்லது. ஓடத் தொடங்கியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு பிழைதான் என்றாவது ஒரு நாள் உங்கள் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

குளோனா, புதிதாக விண்டோஸா?

ஐந்தாறு வருடக் குப்பை சேர்ந்த லேப்டாப் என்றால் புதிதாக ஏற்றுவதே நல்லது. விண்டோஸ் 10, 11-ன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டியது. எஸ்எஸ்டி மாற்றினாலும் தானாக ஆக்டிவேட் ஆகும். 8 ஜிபி பென் டிரைவில் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். ஏற்றும்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால், விண்டோஸ் புது எஸ்எஸ்டியிலும் அதைத் துவக்கும் இஎஃப்ஐ பகுதி பழைய டிஸ்க்கிலுமாக அமர்ந்துவிடலாம். பிறகு ஒரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் லேப்டாப் எழாது.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்புகளில் "டிரைவ் எதுவும் இல்லை" என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். எஸ்எஸ்டி நல்லதாகவே இருக்கும்; விஎம்டி என்ற வசதி அதை மறைத்து வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல்லின் ஐஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி. ஆனால் ஏற்கெனவே ஏற்றிய விண்டோஸ் இருந்தால் அதன்பின் அது திறக்காது.

குளோன்தான் வேண்டும் என்றால் இலவச க்ளோன்ஜில்லா நன்றாகச் செய்யும். ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே போகாது. என்விஎம்இ எஸ்எஸ்டியை வெளியே வைத்து குளோன் செய்ய யுஎஸ்பி பெட்டி வேண்டும். ஆர்டிஎல்9210பி சிப் கொண்டவை சாட்டா, என்விஎம்இ இரண்டையும் ஏற்கும். குளோன் முடிந்ததும் முதல் பூட் புது எஸ்எஸ்டியோடு மட்டும். பெரிய எஸ்எஸ்டியில் மீதி இடம் சி டிரைவோடு சேர மறுத்தால், நடுவில் ரெகவரி பகுதி உட்கார்ந்திருக்கும். பார்ட்டிஷன் மென்பொருளால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு நீட்டலாம். எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருந்த விண்டோஸை என்விஎம்இக்குக் குளோன் செய்தால் பூட் ஆகாது. முன்பே விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிவிட்டு, பயாஸிலும் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் வைத்திருங்கள். டேலி கம்பெனி டேட்டா, டிஜிட்டல் சிக்னேச்சர், டெஸ்க்டாப்பில் எங்கோ கிடந்த சான்றிதழ் ஸ்கேன் ஆகியவை விட்டுப்போனது தேவைப்படும்போதுதான் தெரியும். எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் வெறும் ஃபார்மட் போதாது. ஹார்ட் டிஸ்க்கை முழுதும் ஒருமுறை எழுதி அழியுங்கள். எஸ்எஸ்டியானால் பயாஸிலோ கம்பெனி மென்பொருளிலோ இருக்கும் செக்யூர் இரேஸைப் பயன்படுத்துங்கள்.